வேறோர் ஆற்றின் பூச்சிகள்

லுகோவி
19 பிப்ரவரி 2018

நுஸ்ரெத்,

‘அன்புள்ள’ என்று தொடங்கிப் பார்த்தேன். கை போகவில்லை. விட்டுவிட்டேன்.

போனில் பேசினால் நீ குரலை உயர்த்துவாய், நான் வைத்துவிடுவேன். ஆறு மாதமாக அதுகூட இல்லை. தாளில் எழுதினால் கடைசி வரி வரை நீ படித்துத்தான் ஆக வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

யாசென்கா ஆற்றை மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாயில் அடைத்து மின்சாரம் எடுக்கப் போகிறார்களே, அந்தக் கம்பெனிக்காக உங்கள் ஆய்வு நிலையம் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்தேன். வீட்டுக்குத் தர மாட்டார்களாம். நானும் பக்கத்து வீட்டு ஷெரீஃபாவும் இரண்டு நாள் நகராட்சி அலுவலகத்திலேயே உட்கார்ந்து நூற்றுப்பத்துப் பக்கத்தையும் முடித்தோம். அவள் கண்ணாடியை மறந்து வந்ததால் நான் உரக்கப் படித்தேன். குமாஸ்தா பாதியில் எழுந்து போய்விட்டார்.

முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பட்டியல். ‘ஒருநாள் பூச்சிகள்’ என்று தலைப்பு. ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரி நீர்ப்பூ என்று எழுத உனக்கு வெட்கமாக இருந்திருக்கும். ஒன்பது வகை. ‘2017 ஆகஸ்டு 11, யாசென்கா, இறக்கை முளைத்த நிலையில் பிடிக்கப்பட்டவை.’ கீழே உன் கையெழுத்து, உன் முத்திரை.

இருபத்தாறு வருடமாக இந்த ஆற்றில் இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சியை வீசி டிரவுட் மீன் பிடிக்கிறேன். ஆஸ்திரியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வருகிறவர்களை அழைத்துப் போய்ப் பிடிக்க வைத்துத்தான் பிழைக்கிறேன். எந்த நீர்ப்பூ எந்த வாரம், எத்தனை மணிக்குத் தண்ணீரை விட்டு எழும்பும் என்று எனக்குத் தெரியாவிட்டால் அவர்கள் வெறுங்கையோடு போவார்கள். அடுத்த வருடம் வரவே மாட்டார்கள்.

உன் பட்டியலில் மூன்றாவது, மார்ச் பழுப்பு. இங்கே அது மார்ச் கடைசியில் எழும்பத் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும். ஆகஸ்டில் கல்லுக்கு அடியில் கடுகளவு இளம்பூச்சியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இறக்கைக்கு எங்கே போவது? ஏழாவது, சமவெளி ஆறுகளில் வெதுவெதுப்பான தண்ணீரில் இருக்கும் மஞ்சள். யாசென்கா கோடையிலேயே எட்டு டிகிரி. அந்தப் பூச்சி இங்கே வந்தால் முதலில் கம்பளி கேட்கும். மார்ச் பூச்சியை ஆகஸ்டில் பறக்கவிட முடிந்த உனக்கு, மே கடைசியில் எழும்பும் பெரிய நீர்ப்பூவைச் சேர்க்க மட்டும் மனம் வரவில்லை.

இது எந்த ஆற்றின் பட்டியல்? அன்று நீ தண்ணீரில் கால் வைக்கவில்லை. எனக்குத் தெரியும். பாலத்தில் உன்னை மறித்தவள் நான்தானே.

ஜூலை மூன்றாம் தேதி மாவட்ட நீதிமன்றத்தில் விசாரணை. அங்கே இதைச் சொல்வேன். உன்னிடம் முதலில் சொல்லிவிடுகிறேன், அவ்வளவுதான்.

ராபியா

*

சரயேவோ
6 மார்ச் 2018

அக்கா,

கடைசி வரி வரை படித்தேன்.

பாலத்தில் நடந்ததை நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். மீதியை நான் எழுதுகிறேன். வலை, பதினான்கு புட்டிகள், இடுப்பு வரை வரும் ரப்பர் காலணி எல்லாம் காரில் இருந்தன. பாலத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நீங்கள் இருபத்து மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தீர்கள். நான் காரை விட்டு இறங்குவதற்குள் நீ எழுந்து வந்தாய். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: “கம்பெனிக்காரனுக்காக இந்த ஆத்துல கால வச்சேன்னா நீ என் தம்பியே இல்ல. திரும்பிப் பாக்காம போயிடு.” யாரோ கைதட்டினார்கள். காரைத் திருப்பக்கூட இடம் விடவில்லை. நாற்பத்தேழு வயது ஆள் அரை கிலோமீட்டர் பின்பக்கமாகவே ஓட்டிப் போனேன்.

அது வெள்ளிக்கிழமை. இயக்குநருக்குத் திங்கட்கிழமை பட்டியல் வேண்டும். மலைக்கு அந்தப் பக்கத்து ஆறு ஒன்றில் இரண்டு வருடத்துக்கு முன் ஏப்ரலிலும் ஜூனிலும் எடுத்த பட்டியல் அலமாரியில் இருந்தது. ஆற்றின் பெயரை மாற்றினேன், தேதியை மாற்றினேன். எந்தப் பூச்சி எந்த மாதம் என்று யோசிக்கவில்லை. நூற்றுப்பத்துப் பக்கத்தை யாராவது உரக்கப் படிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதோ, என் கையெழுத்தோடு உன்னிடம் இருக்கிறது. என்ன வேண்டுமோ செய்துகொள்.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி நடக்காது. ஒரு பூச்சிக்கு ‘மாப்பிள்ளை’ என்றும் இன்னொன்றுக்கு ‘ஷெரீஃபாவின் உள்பாவாடை’ என்றும் பெயர் வைத்திருப்பவள் நீ. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இந்த நாட்டில் உரிமம் பெற்ற உயிரியலாளரின் முத்திரை இல்லாவிட்டால் நீ மீன் பிடிக்கிற ஒரு பொம்பளை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

நுஸ்ரெத்

*

லுகோவி
9 ஏப்ரல் 2018

நுஸ்ரெத்,

மீன் பிடிக்கிற பொம்பளை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் மூன்று புட்டிகள் இருக்கின்றன. பிளம் பிராந்தியில் போட்டிருக்கிறேன். வேறு எதில் போடுவது என்று தெரியவில்லை.

நேற்று பன்னிரண்டரை மணிக்கு ஆலைக்குக் கீழே உள்ள மடுவில் டிரவுட்டுகள் மேலே வந்து வந்து வாய் வைத்துக்கொண்டிருந்தன. மார்ச் பழுப்பு தண்ணீர் மேல் மிதந்து போவது என் கண்ணுக்கே தெரிந்தது. அதே நிறத்தில், அதே அளவில் நான் கட்டிய போலியை வீசினேன். ஏழு மீன்கள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. மாவு சலிக்கும் சல்லடையை எடுத்துக்கொண்டு இறங்கி, தண்ணீரின் மேல்தோலோடு பிடித்தேன். மேலே மிதந்தது பழுப்புதான். ஆனால் மீன்கள் அதைத் தொடவில்லை. அதற்கு ஒரு விரல் கீழே, தோலைக் கிழித்துக்கொண்டு பாதி வெளியே வந்திருந்த சின்னச் சாம்பல் நிற நீர்ப்பூக்களைத்தான் அவை தின்றுகொண்டிருந்தன. இரண்டுக்கும் வால் இரண்டுதான், இறக்கை நிறம்தான் வேறு. தின்கிறவர்களைப் பார்க்காமல் பட்டியல் எழுதினால் இப்படித்தான் ஏமாந்து நிற்க வேண்டும். சாம்பலைக் கட்டி மூன்று மீன் பிடித்தேன், விட்டுவிட்டேன்.

பாலத்தில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அதை நீ எதிர்பார்க்காதே. ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆற்றில் கால் வைக்காதே என்றுதான் சொன்னேன். வேறோர் ஆற்றின் பூச்சிகளைக் கொண்டுவந்து இங்கே விடச் சொன்னது நானா?

புட்டியில் உள்ளவற்றுக்குப் பெயர் எழுதி அனுப்பு. அனுப்பாவிட்டால் அடுத்த வாரம் ஆறு புட்டிகள் வரும். அதற்கடுத்த வாரம் பன்னிரண்டு.

ராபியா

*

20 ஏப்ரல்

(இது கடிதம் இல்லை. வெறும் குறிப்பு. இதில் கையெழுத்துப் போட மாட்டேன்.)

பிராந்தியில் போட்டால் இறக்கை உதிர்ந்துவிடும். எங்கள் அலுவலகத்தில் பெட்டியை எல்லோரும் ஒருமுறை மோந்து பார்த்தாயிற்று. மருந்துக்கடையில் சாராயம் வாங்கு, நூற்றுக்கு எண்பது பங்கு இருக்க வேண்டும். சீட்டை வெளியே ஒட்டாதே. பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடு. இடம், தேதி, மணி, பிடித்தவர் பெயர். தேதியை உண்மையாக எழுது என்று உனக்குச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

முதல் புட்டி: மார்ச் பழுப்பு. நீ சொன்னது சரி.

இரண்டாவது: ஒரே வகை என்று நினைத்து இரண்டு வகையைக் கலந்திருக்கிறாய். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பின்னிறக்கையைப் பார். ஒன்றில் சின்ன நாக்கு மாதிரி இருக்கும். மற்றதில் அந்த நாக்கிலிருந்து ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது: இது நீர்ப்பூவே இல்லை. நீர்ப்பூ உட்காரும்போது இறக்கையைப் படகுப் பாய் மாதிரி நிமிர்த்தி வைக்கும். இது முதுகில் தட்டையாக மடித்து வைத்திருக்கிறது. கல் பூச்சி. இருபத்தாறு வருடம் ஆற்றில் நின்றவளுக்கு இதுகூடத் தெரியாதா?

இயக்குநர் உன் பெயரைச் சொல்லி, சொந்தக்காரியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறொன்றும் கேட்கவில்லை.

*

லுகோவி
30 மே 2018

நுஸ்ரெத்,

மூன்றாவது புட்டி, நீ நிஜமாகத் திறந்து பார்க்கிறாயா என்று தெரிந்துகொள்ளப் போட்டது. பார்த்திருக்கிறாய். சரி.

நேற்று முன்தினம் போலீஸ் வந்தது. நாற்பது பேர், கேடயத்தோடு. பின்னால் மண் தோண்டும் இயந்திரம். விசாரணைக்கு முன்பே பாதை வெட்டிவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நோன்புக் காலம், நாங்கள் யாரும் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாலத்தில் கையோடு கை கோத்து உட்கார்ந்தோம். ஒவ்வொருவராக இழுத்தார்கள். ஷெரீஃபா விடவில்லை. அவள் கழுத்தெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவள் கத்தவில்லை. கேட்டுக்கொள், ஒரு வார்த்தைகூடக் கத்தவில்லை.

மூன்றரை மணி இருக்கும். ஆறு பூத்தது. பெரிய நீர்ப்பூ. முதலில் பத்து இருபது, பிறகு எண்ண முடியவில்லை. கேடயத்தின் மேல், தலைக்கவசத்தின் மேல், எங்கள் முக்காட்டின் மேல் எல்லாம் வந்து உட்கார்ந்தது. கீழே டிரவுட்டுகள் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தன. இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். என் கையைப் பிடித்திருந்த போலீஸ்காரருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தோளில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, “இது கடிக்குமாம்மா?” என்று கேட்டார்.

“இதுக்கு வாயே கிடையாதுப்பா,” என்றேன். “ரெண்டு வருஷம் தண்ணிக்குள்ள கெடந்துட்டு ரெண்டு நாள் வெளிய வரும். கடிக்கிறவங்க நீங்கதான்.”

அவர் பிடி தளர்ந்தது. அவருடைய மேலதிகாரி சத்தம் போட்டார். ஆனால் அதற்குள் இயந்திரத்தை ஓட்டி வந்தவர் இறங்கிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விட்டார். ஷெரீஃபாவுக்கு ஆம்புலன்ஸ் வர வழிவிட்டுப் பின்வாங்கியவர்கள் திரும்ப வரவில்லை.

இதோடு வரும் புட்டியில் சீட்டு உள்ளே இருக்கிறது, பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்: ‘28 மே, மாலை மூன்றரை, யாசென்கா பாலம், காவலர் ஒருவரின் வலது தோள். பிடித்தவர் ராபியா.’

இதுவரை பன்னிரண்டு வகைக்கு நீ பெயர் சொல்லியிருக்கிறாய், கையெழுத்தில்லாமல். இப்போது கையெழுத்துக் கேட்கிறேன். ஜூலை மூன்றாம் தேதி வா. நான் உன்னைத் தடுத்ததை நானே சொல்கிறேன். உன் மேல் மட்டும் பழி விழாது.

ராபியா

*

சரயேவோ
10 ஜூன் 2018

அக்கா,

ஷெரீஃபா அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாளா? அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நீ எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று என் வீட்டுக்காரி மெலிஹா தேடினாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

நீ கொடுப்பது உதவி இல்லை. அரசு வேலையைத் தடுத்தேன் என்று நீதிமன்றத்தில் நீயே சொன்னால் உன் மேல் வழக்கு வரும். பொய்ப் பட்டியல் எழுதினேன் என்று நான் சொன்னால் என் உரிமம் போகும். இரண்டு பேரும் மூழ்கினால் யாசென்காவில் தண்ணீர் கூடிவிடுமா?

இதுவும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இனி உனக்கு எழுதவே முடியாது. ஆகஸ்டு 11 அன்று பின்பக்கமாகக் காரை ஓட்டிப் போனபோது எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. இயக்குநருக்கு என்ன மாதிரிப் பட்டியல் வேண்டும் என்று எனக்கு முன்பே தெரியும். ஆற்றில் இறங்கியிருந்தால், இருப்பதை எழுதுவதா வேண்டாமா என்று நானே முடிவு செய்திருக்க வேண்டும். நீ மறித்தது எனக்கு வசதியாகப் போயிற்று. மேட்டுப் பாதை வழியாக நான் இறங்கியிருக்கலாம். செம்மறி ஆடு போகும் அந்தப் பாதையில் உங்களில் ஒருவர்கூட நிற்கவில்லை. அங்கிருந்து ஆறு இருபது நிமிடம். அதைப் பற்றி யோசித்தேன். யோசித்துவிட்டுச் சரயேவோவுக்குப் போனேன்.

ஆறு மாதமாக உன்மேல் கோபமாக இருந்தது இதை மறைக்கத்தான்.

நான் வர மாட்டேன். மன்னித்துக்கொள் என்றும் எழுத மாட்டேன்.

நுஸ்ரெத்

*

லுகோவி
18 ஜூன் 2018

வராதே.

பதினாறு வகை ஆகிவிட்டது. ஒவ்வொரு புட்டியாக நீதிபதியின் மேசையில் வைப்பேன். ஊரில் என்ன சொல்கிறோமோ அந்தப் பெயரைச் சொல்வேன். மாப்பிள்ளை. ஷெரீஃபாவின் உள்பாவாடை. சிரிக்கட்டும். சிரிக்கிறவர்கள் ஆற்றில் இறங்கி வேறு பெயர் கண்டுபிடித்துக்கொண்டு வரட்டும்.

மேட்டுப் பாதையில் யாரையும் நிறுத்த வேண்டாம் என்று சொன்னது நான்தான். அன்று சாயங்காலம் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராபியா

*

சரயேவோ
5 ஜூலை 2018

அக்கா,

என்னை விசாரித்தபோது சாட்சி என்று உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். நான் வெளியே வந்ததும் உன்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வாசலில் நீ என்னைப் பார்த்த பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நீ பிடித்த பூச்சிகளுக்கு நான் முத்திரை குத்த முடியாது. நானே பிடித்ததற்குத்தான் முத்திரை. அதனால் ஜூன் இருபத்தெட்டாம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதை வழியாக இறங்கினேன். இரண்டு நாள் பள்ளத்தாக்கில் இருந்தேன். மேலேயிருந்து பாலம் தெரிந்தது. நீ நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கோ காபி ஊற்றிக்கொண்டிருந்தாய். கீழே வந்து பேசியிருக்கலாம். பேசியிருந்தால், அக்கா சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான் என்பார்கள். பேசாமலே போனேன். உன் பதினாறில் பதினொன்றை என் வலையிலும் கல்லுக்கு அடியிலும் பார்த்தேன். உன்னிடம் இல்லாத ஒன்றும் கிடைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன், கொஞ்சம் தவித்துக்கொண்டிரு.

நீதிபதி அம்மா கண்டிப்பானவர். முப்பத்தோராம் பக்கத்தைக் காட்டி, “இதுல இருக்கிறது எந்த ஆறு?” என்று கேட்டார்.

“யாசென்கா இல்லீங்க,” என்றேன். எந்த ஆறு என்று சொன்னேன். எப்படி மாற்றினேன் என்று சொன்னேன். இயக்குநர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அக்காவுக்காகத்தான் இதெல்லாம் பேசுகிறீர்களா என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“அக்கா என்னை வராதேன்னுதாங்க எழுதியிருக்காங்க. கடிதம் சட்டைப் பையில இருக்கு. படிக்கட்டுமா?”

படிக்க வேண்டாம் என்றார்.

அன்று வேறு பாதை இல்லையா என்று நீதிபதி கடைசியாகக் கேட்டார். இருந்தது என்றேன். ஏன் போகவில்லை என்றார். உனக்கு எழுதியதையே அவரிடமும் சொன்னேன். இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

இன்று காலை என் மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். உருப்பெருக்கி என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். அவர்களுடையது என்றுதான் நினைக்கிறேன்.

நுஸ்ரெத்

*

லுகோவி
23 நவம்பர் 2018

நுஸ்ரெத்,

தீர்ப்பு வந்தது. அனுமதி ரத்து. பொய்யான தரவின் மேல் கொடுத்த அனுமதி செல்லாது என்று எழுதியிருக்கிறார்கள். ஷெரீஃபா ஒரு கையாலேயே அடுப்பைப் பற்ற வைத்து ஊருக்கே பீட்டா அப்பம் சுட்டாள். மறு கை இன்னும் தோளுக்கு மேல் போகவில்லை. கம்பெனி புதிதாக மனுப் போடும் என்று நம் வக்கீல் சொல்கிறார். போடட்டும்.

நீ சொன்ன மாதிரியே, உன்னைத் தடுத்ததற்காக என் மேல் போட்ட வழக்கையும் முடித்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு இன்னும் எழுதவில்லையே. அந்தக் கம்பெனி வக்கீல், தடுத்தீர்களா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். ஒரே வார்த்தையில் சொல்கிற பழக்கம் எனக்கு எப்போது இருந்தது?

“தடுத்தேன். தம்பின்னு தெரிஞ்சுதான் தடுத்தேன். நாளைக்குக் கம்பெனி ஆளா அவன் திரும்பி வந்தாலும் தடுப்பேன்.”

எழுதுகிறவர் முதல் வார்த்தையோடு நிறுத்திவிட்டார். மீதியையும் எழுதச் சொல்லி நின்றேன். எழுதினார். அந்த மீதிக்குத்தான் தண்டனை: அபராதம், இல்லாவிட்டால் பதினைந்து நாள் சிறை. பெண்கள் அபராதத்துக்குப் பணம் திரட்டி வந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கட்டினால் நான் செய்தது தப்பு என்று ஆகிவிடும். மேல்முறையீட்டுக்குப் பிறகு, வசந்தத்தில் கூப்பிடுவார்களாம்.

உன் உரிமம் இரண்டு வருடத்துக்குப் போனது தெரியும். நன்றி சொல்ல மாட்டேன். தப்பாக எழுதியதை அடித்துத் திருத்தினாய், அதற்கு நன்றி கிடையாது. மேல் அறையில் அடுப்பு வைத்திருக்கிறேன். கூரை ஒழுகவில்லை. மெலிஹாவுக்கும் இடம் இருக்கிறது. வருவதும் வராததும் உன் இஷ்டம்.

அந்தப் பதினேழாவது என்ன பூச்சி? ஜூலையிலிருந்து தவித்துக்கொண்டிருக்கிறேன்.

ராபியா

*

லுகோவி
24 மே 2019

அக்கா,

இதை ஷெரீஃபா அக்கா சனிக்கிழமை சிறைக்குக் கொண்டு வருவாள். நீ பத்திரமாக இருக்கிறாய், சமையல்காரரோடு சண்டை போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சரி.

உன் இத்தாலியர்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நான்தான் அழைத்துப் போனேன். தண்ணீரில் எழும்புவது எல்லாவற்றுக்கும் பெயர் சொன்னேன். ஆணா பெண்ணா என்றும் சொன்னேன். அவர்களுக்கு மிகவும் சந்தோஷம். பிறகு தூண்டிலை வீசிக் காட்டச் சொன்னார்கள். வீசினேன். என் தொப்பியிலேயே மாட்டியது. பெரியவர், உங்கள் அக்கா எப்போது வெளியே வருவார்கள் என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு ஆறு பூத்தது. அன்று நான் மட்டும் நின்று பார்த்தேன். ஒருநாள் பூச்சி என்று இருபது வருடமாக எழுதி வந்தவன். நீர்ப்பூ என்று வாய்விட்டுச் சொன்னேன்.

இப்போது முக்கியமான விஷயம். கம்பெனி புது மனுப் போட்டுவிட்டது. வேறோர் ஆய்வு நிலையம். நேற்றுக் காலை ஓர் இளம்பெண் வலையும் புட்டிகளுமாகப் பாலத்துக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீ இல்லாததால் என்னைப் பார்த்தார்கள். நான் ஷெரீஃபா அக்காவைப் பார்த்தேன். அவள் நல்ல கையால் நாற்காலியை ஒதுக்கினாள்.

“போகட்டும்,” என்றாள். “ஆனா ஒரு கல்லையும் விடாம பொரட்டிப் பாக்கணும். நாங்களும் கூட வருவோம்.”

பதினெட்டுப் பெண்கள் பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு அவளோடு தண்ணீரில் இறங்கினார்கள். ஆலைக்குக் கீழே, நான் வந்த அன்றே உனக்குக் காட்டினேனே, அந்தப் பதினேழாவதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், மாதம் சரிதானா என்று என்னிடமே கேட்டாள். சரிதான் என்றேன். பென்சிலால் எழுதிக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் முழுவதும் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். வருவாள் என்றுதான் தோன்றுகிறது.

நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா? தெரியாமல் கேட்கிறேன்.

நுஸ்ரெத்

*

27 மே 2019

தம்பி,

விட்டிருப்பேன். ஆனால் அந்தப் பெண்ணை முதலில் உட்கார வைத்து, எதைத் தேடி வந்தாய், யாருக்கு என்ன வேண்டுமாம் என்று கேட்டிருப்பேன். உன்னிடம் நான் கேட்காமல் விட்ட கேள்வி அது. அன்று வாயைத் திறந்தேன், உன்னைப் பேசவே விடவில்லை. இதை ஒருமுறைதான் எழுதுவேன்.

இத்தாலியரிடம் சொல், அடுத்த புதன்கிழமை ஆற்றில் இருப்பேன். தொப்பியைத் தைத்து வை.

இன்று மத்தியானம் சிறை அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனிதர், பெண்களை அதட்டமாட்டார். மேசையில் ஒரு தாள். கையெழுத்துப் போட்டால் மீதி நாட்களைத் தள்ளிவிடுவார்களாம், சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம், பைராம் பெருநாளுக்குக் குடும்பத்தோடு இருக்கலாம் என்றார். உட்கார்ந்து முழுவதும் படித்தேன். உனக்குத்தான் தெரியுமே, நான் எல்லாப் பக்கத்தையும் படிப்பவள். செய்ததற்கு வருந்துகிறேன் என்று முதல் வரி. யாசென்கா பாலத்தில் இனி எந்தக் காரணத்துக்காகவும் நிற்க மாட்டேன் என்று நான்காவது வரி.

பேனா இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. தன்னுடையதையே எடுத்துக் கொடுத்தார். அறைக்குக் கொண்டுபோய் யோசித்து எழுதித் தருகிறேன் என்றேன். அப்படியே செய்யுங்கள் என்றார். நாளை பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். தாளைக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அதை உனக்கு அனுப்புகிறேன்.

பைராம் அன்று காலை எட்டு மணிக்கு என்னை விடுவார்கள். ஒரு நாள் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். அவர்கள் அடித்துக் கொடுத்தது அந்தப் பக்கம் இருக்கிறது. கீழே கோடு போட்டு விட்டிருக்கும் இடம் காலியாக இருக்கிறதா என்று உன் உருப்பெருக்கியை வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்.

என் கையெழுத்து இந்தப் பக்கத்தில்தான்.

ராபியா